பின்னால் நிற்பவரைக் கேளுங்கள்

புளூகிராஸ் என்றாலே நம் ஆட்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறதாம். மூக்கால் பாடுகிறார்களாம். எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்கிறார்கள். புரியாத ஜாஸுக்குக் கண்ணை மூடித் தலையாட்டுகிறவர்கள் இவர்கள்தான். புளூஸ் என்றால் உடனே முகத்தில் ஒரு சோகத்தை வரவழைத்துக்கொள்வார்கள். பாஞ்சோ சத்தம் கேட்டால் மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது.

சிரித்து முடித்தாயிற்றா? அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கிட்டார், மாண்டலின், பாஞ்சோ, ஃபிடில், டபுள் பேஸ், சில குழுக்களில் டோப்ரோ. டிரம்ஸ் கிடையாது. கென்டக்கிக்காரரான பில் மன்றோ தொடங்கிவைத்த இசை. 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் தன் மூன்று விரல் பாஞ்சோவோடு அவர் குழுவில் சேர்ந்ததும் இன்றைய உருவம் வந்தது. தாளத்தின் நான்கு எண்ணிக்கையில் பேஸ் ஒன்றிலும் மூன்றிலும் விழும்; மாண்டலின் இரண்டிலும் நான்கிலும் ‘சக்’ என்று வெட்டும். டிரம்ஸ் செய்ய வேண்டிய வேலை அந்த வெட்டில் முடிந்துவிடுகிறது. நடுக்குரல் மெட்டைப் பாட, ஒரு குரல் மேலே, ஒரு குரல் கீழே. மிச்சமெல்லாம் கேட்கக் கேட்கத் தானாகப் பிடிபடும்.

யாரிடமிருந்து தொடங்குவது? மலைக்காட்டுக் கிழவர்களிடம் உங்களை அனுப்ப மாட்டேன். வாஷிங்டன் நகரத்துக்குப் பக்கத்தில், மேரிலாண்டின் பெதஸ்டாவில், 1971-ல் ஒரு வீட்டின் அடித்தளத்தில் கூடி வாசிக்கத் தொடங்கிய தி செல்டம் சீன் குழுவிடம் அனுப்புகிறேன். வாஷிங்டனில் புளூகிராஸா என்று புருவம் தூக்காதீர்கள். இரண்டாம் உலகப் போர் நாட்களிலும் அதன் பிறகும் அப்பலேச்சிய மலைப்பகுதியிலிருந்து வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து குடியேறினார்கள். அவர்களோடு பாட்டும் வந்தது. 1957 ஜூலை 4 அன்று, விபத்தில் சிக்கிய ஒரு குழுவுக்குப் பதிலாக ஒரு வர்ஜீனியா மதுக்கடையில் வாசிக்க அவசரமாகச் சேர்ந்த ஆட்கள்தான் கன்ட்ரி ஜென்டில்மென் ஆனார்கள். அந்தக் குழுவின் தூணாக இருந்த ஜான் டஃபி, ஊர் சுற்றிச் சலித்துப்போய் 1969-ல் விலகி, ஆர்லிங்டனில் வாத்தியங்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். செல்டம் சீனில் மாண்டலினும் உச்சக்குரலும் அவருடையவை.

மற்றவர்களைப் பாருங்கள். பாஞ்சோ வாசித்த பென் எல்ட்ரிட்ஜ் கணிதவியலர். பேஸ் வாசித்த டாம் கிரே நேஷனல் ஜியாக்ரபிக்கில் வரைபடம் தயாரித்தவர். கிட்டாரோடு முன்னணியில் பாடிய ஜான் ஸ்டார்லிங் அறுவை மருத்துவர். டோப்ரோ வாசித்த மைக் ஆல்ட்ரிட்ஜ் வணிக ஓவியர். வாரம் ஓர் இரவு உள்ளூரில் வாசிப்பது, வார இறுதியில் எப்போதாவது ஒரு விழாவுக்குப் போவது, அவ்வளவுதான் திட்டம். அரிதாகவே கண்ணில் படுவார்கள் என்று பொருள்படும் அந்தப் பெயரே, இப்படி ஒரு குழுவை யார் பார்க்கப்போகிறார்கள் என்று டஃபியின் பழைய கூட்டாளி சார்லி வாலர் அடித்த கிண்டலில் வந்தது. முதலில் பெதஸ்டாவின் ரெட் ஃபாக்ஸ் இன். பிறகு, போட்டோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வடக்கு வர்ஜீனியாவின் பர்ச்மியர் அரங்கில் வியாழக்கிழமை தவறாமல், ஆண்டுக்கணக்கில்.

இங்கே சில விமர்சகர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. மருத்துவரும் கணித நிபுணரும் சுரங்கத் தொழிலாளியின் பாட்டைப் பாடலாமா, இதில் மண்வாசனை எங்கே என்று கேட்கிற கூட்டம் அது. பாடுகிறவனின் கைக்காய்ப்பை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பாட்டைக் கேட்பார்கள் போலிருக்கிறது. இன்னொரு கூட்டம், பாப் டிலன் பாட்டை எல்லாம் வாசித்துப் புளூகிராஸைக் கெடுத்துவிட்டார்கள் என்று புலம்பியது. இதெல்லாம் பழைய கதை. புதிய கூத்து வேறு. 2000-ல் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படம் வந்து, அதன் இசைத்தட்டு கிராமியின் ஆண்டுச் சிறந்த ஆல்பம் விருதையும் வாங்கிய பிறகு, தோளில் சஸ்பெண்டர், தலையில் பழைய தொப்பி, நடுவில் ஒற்றை மைக், அதைச் சுற்றி ஐந்து பேர் என்று ஒரு வேஷம் கிளம்பிற்று. பார்க்க அழகுதான். கண்ணுக்கு வேலை கொடுத்துவிட்டுக் காதைத் தூங்கவைக்கிற அழகு.

எதைக் கேட்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ‘பிரேக்’கைத்தான் கேட்கிறார்கள். ஒரு சரணம் முடிந்ததும் பாஞ்சோவோ மாண்டலினோ முன்னால் வந்து தனியாக வாசிக்குமே, அது. விரல் பறக்கும், கைதட்டல் விழும். கைபேசியில் சுற்றிவரும் துண்டுகள் எல்லாம் பிரேக்தான். வேகம் ஒரு திறமை, மறுக்கவில்லை. ஆனால் அது பயிற்சியில் வந்துவிடுகிற திறமை. ஒருவர் பாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்பவர் என்ன வாசிக்கிறார் என்பதற்குப் ‘பேக்கப்’ என்று பெயர். குழுவின் தரம் அங்கேதான் தெரியும்.

பேக்கப்பிலும் இரண்டு வகை உண்டு. இதை யாரும் எழுதுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வகை நிரப்புவது. பாடகர் வரியை முடித்து மூச்சு எடுக்கிறார். அந்த இடைவெளியில் ஒரு சின்னத் துணுக்கை நுழைக்கிறார்கள். கண்ணியமான வேலை, பத்தில் ஒன்பது பேர் செய்வதும் இதுதான். இரண்டாவது வகை தாங்குவது. வரி இன்னும் முடியவில்லை, கடைசிச் சொல்லைப் பாடகர் இழுத்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சொல்லுக்கு அடியிலேயே வாத்தியம் கிளம்பிவிடுகிறது, சொல் அடங்கும்போது அதே இடத்தில் நின்று, அடுத்த வரியின் முதல் சுரத்தைக் காட்டிவிட்டு விலகிவிடுகிறது. பாடகருக்கு மூச்சு எடுக்கிற இடமே தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. நிரப்புகிறவர் இடைவெளிக்காகக் காத்திருப்பார். தாங்குகிறவர் இடைவெளியே தெரியாமல் செய்துவிடுவார்.

மைக் ஆல்ட்ரிட்ஜ் இரண்டாவது வகை. அவர் வாத்தியத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். டோப்ரோ என்பது மல்லாந்து கிடக்கும் கிட்டார். உள்ளே மெல்லிய அலுமினியக் கூம்பு இருக்கும், ஓசையைப் பெருக்குவது அதுதான். இடது கையில் இரும்புத் துண்டு. தந்தியை அழுத்தாமல் மேலே வைத்து வழுக்கிக்கொண்டே போக வேண்டும். கோட்டுவாத்தியம் வாசித்துப் பார்த்திருந்தால் இந்த வித்தை உடனே விளங்கும். சுரத்துக்குச் சுரம் படியில்லை, எல்லாம் சரிவு. அதனால்தான் மனிதக்குரலுக்கு அடியில் போய் நிற்க அதற்கு முடிகிறது. ஸ்க்ரக்ஸ் பிறகு ஃப்ளாட்டோடு சேர்ந்து நடத்திய குழுவுக்கு 1955-ல் வந்த ஜாஷ் கிரேவ்ஸ் பாஞ்சோவின் விரல் சுற்றை டோப்ரோவுக்குக் கொண்டுவந்தார்; அவர் வாசிப்பில் புளூஸின் காரம் இருக்கும். ஆல்ட்ரிட்ஜ் காரத்தைக் குறைத்து நாதத்தைச் சுத்தமாக்கினார். இரும்பு தந்தியில் இறங்கும் கிறீச் சத்தம் அவரிடம் அநேகமாகக் கேட்காது. மென்மை அதிகம், சாரம் குறைவு என்று அவரைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அவர்களுடன் நான் பேசுவதில்லை.

1974-ல் வந்த ‘ஓல்ட் ட்ரெய்ன்’ ஆல்பத்தில் ‘வெய்ட் எ மினிட்’ என்று ஒரு பாட்டு, ஹெர்ப் பெடர்சன் எழுதியது. ஊர் ஊராகச் சுற்றும் ஒருவனின் ஏக்கம். ஊரைவிட்டு நகர மறுத்த ஐந்து பேர் அதைப் பாடினார்கள் என்பது தனி வேடிக்கை. முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை ஸ்டார்லிங்கின் குரலை வலுக்கட்டாயமாக ஒதுக்கிவிட்டு டோப்ரோவை மட்டும் பின்தொடருங்கள். குரல்கள் சேர்ந்து மேலே ஏறும் இடங்களில் அது எங்கே போய்ப் பதுங்குகிறது, தனிக்குரல் மிஞ்சும்போது எப்போது திரும்பி வருகிறது என்று கவனியுங்கள். இதைப் பிடித்துவிட்டால் ‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி’ என்று இன்னொரு தடவை சொல்ல மாட்டீர்கள்.

இந்த வாசிப்பு எப்படி நிலைத்தது என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. பர்ச்மியரை நடத்திய கேரி ஓல்ஸி, வாசிக்கும்போது பேசாதீர்கள் என்று வந்தவர்களைக் கேட்டுக்கொள்வதை வழக்கமாகவே வைத்திருந்தார். மதுவும் சாப்பாடும் உண்டு, அரட்டைதான் கிடையாது. இரைச்சலான கடையில் வேகமும் சத்தமும் மட்டுமே பிழைக்கும். ஒரு சொல்லுக்கு அடியில் மெல்லக் கிளம்பும் டோப்ரோ அங்கே யார் காதில் விழும்? அதோடு வாராவாரம் வருவது ஏறக்குறைய அதே கூட்டம். பிரேக்கெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அப்படிப்பட்டவர்களை மறுபடி நிமிர்ந்து உட்கார வைக்க, பின்னால் நடப்பதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அரங்கை நிரப்ப ஊர் ஊராக அலைகிற குழுவுக்கு இந்த நெருக்கடி கிடையாது, இந்த வசதியும் கிடையாது.

நேரடி வாசிப்பு எப்படி இருந்தது என்று கேட்க, 1975-ல் வந்த ‘லைவ் அட் தி செல்லர் டோர்’ இரட்டை இசைத்தட்டு. செல்லர் டோர் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுனில் இருந்த சிறிய கிளப். ‘ராஹைட்’ போன்ற மன்றோவின் வேகப் பாட்டும் டிலன் பாட்டும் அடுத்தடுத்து வரும். இடையில் டஃபி அடிக்கும் நக்கலைத் தாவிவிடாதீர்கள். ஆள் மலை மாதிரி, குரல் கண்ணாடியைக் கீறுகிற மாதிரி, பேச்சு முழுக்கக் குசும்பு. மேடைக்கும் கூட்டத்துக்கும் எவ்வளவு நெருக்கம் என்பது அந்தப் பேச்சில்தான் தெரியும். கடைசியில் ‘ரைடர்’ நீண்டுகொண்டே போகும். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: அங்கே நானும் பேக்கப்பை மறந்துவிட்டுப் பிரேக்கைத்தான் கேட்கிறேன்.

ஸ்டார்லிங் 1977-ல் விலகினார். டஃபி 1996 டிசம்பரில் காலமானார், ஆல்ட்ரிட்ஜ் 2012-ல். அந்தப் பெயரில் வேறு ஆட்களோடு குழு தொடர்ந்தது. 1990-களின் நடுவில் டோப்ரோவுக்கு வந்த ஃப்ரெட் டிராவர்ஸ் தாங்கவும் தெரிந்தவர்.

ஆல்ட்ரிட்ஜ் தனியாகப் போட்ட ‘டோப்ரோ’ என்ற 1972 ஆல்பத்தையும் தேடிப்பிடிப்பீர்கள், தெரியும். நல்ல ஆல்பம்தான். ஆனால் ‘ஓல்ட் ட்ரெய்ன்’ பத்துத் தடவை ஓடி முடியும்வரை அதைத் தொடாதீர்கள். அதில் அவர் முன்னால் நிற்கிறார்.