பதில் சொல்பவரின் பங்கு

செவ்வாப்பேட்டையில் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவர்களுக்கு ‘ஆமென்’ நாவில் ஊறிய சொல். யூதர்களின் ஜெபத்திலிருந்து வந்த அது, அவர்களிடம் இன்றும் அன்றாடக் கடமை. வாரநாள் காலையில் நின்றபடி சொல்லும் ‘அமீதா’வில் 19 ஆசிகள். அவரவர் மெல்லச் சொல்லி முடித்ததும், முன்னின்று நடத்துபவர் அதை உரக்கத் திரும்பச் சொல்வார். ஒவ்வொரு ஆசிக்கும் சபை ‘ஆமென்’ என்னும்.

இதற்கு யூதர்களின் சட்ட நூலான தல்மூத் வகுத்திருக்கும் ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்தது. அவசரப்படக் கூடாது, கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது, ஆசி சொன்னவரின் குரலை மிஞ்சக் கூடாது. எந்த ஆசிக்கு என்று தெரியாமல் சொன்னால் அது ‘அனாதை ஆமென்’. என்ன பெயர்! ஆசி சொன்னவரைவிட ஆமென் சொன்னவரே பெரியவர் என்ற கருத்தும் அங்கே உண்டு. காது கொடுத்துக் கேட்பதற்கு இத்தனை மதிப்பா என்று மனம் நெகிழ்கிறது.

பழைய அலெக்சாந்திரியாவின் ஜெப ஆலயம் மிகப் பெரியதாம். பின்னால் இருப்பவர்களுக்குக் குரல் எட்டாது. நடுவே மர மேடையில் நின்ற ஊழியர் துணியை வீசுவார், கூட்டம் முழுவதும் ஆமென் சொல்லும் என்கிறது தல்மூத்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்கு வந்த சிக்கல் இதற்கு நேர்மாறு. இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தவர்கள் போக, எஞ்சியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். துக்கத்தில் இருப்பவர் சொல்லும் ‘கதீஷ்’ வேண்டுதலுக்கு, மரபுப்படி 10 ஆண்கள் கூட வேண்டும். தனியாகச் சொல்ல முடியாது. வெளியூரிலிருந்து வந்த யூதப் பயணிகளையும் சேர்த்துக்கொண்டுதான் அங்கே எண்ணிக்கை நிறைந்தது.