ஒரே பெயர், வேறு வேறு சிப்: பழைய கணினியில் ஜிடி 730

ஜிஃபோர்ஸ் ஜிடி 730 என்ற பெயரில் என்விடியா 2014-இல் விற்பனைக்கு விட்டது ஒரு கார்டு அல்ல, மூன்று. ஒன்றில் இருப்பது ஜிஎஃப்108 என்ற ஃபெர்மி தலைமுறை சிப்: 96 கோர்கள், 128 பிட் டிடிஆர்3 மெமரி, 49 வாட். மற்ற இரண்டிலும் ஜிகே208 என்ற கெப்ளர் சிப்: 384 கோர்கள், 64 பிட் மெமரி. அவற்றில் டிடிஆர்3 வைத்தது 23 வாட், ஜிடிடிஆர்5 வைத்தது 25 வாட். பழைய கணினியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்று செகண்ட் ஹேண்டில் இந்தக் கார்டை வாங்குகிறவர்கள் டிரைவரோடு மல்லுக்கட்டுவதற்கு, நான் பார்த்தவரை, இந்தப் பெயர்க் குழப்பம்தான் முதல் காரணம்.

கடையில் கேட்டால், “128 பிட் சார், 64 பிட்டைவிட பெரிசு” என்று எடுத்து நீட்டுவது ஃபெர்மி கார்டை. எண் பெரிதுதான். ஆனால் கோர்கள் நான்கில் ஒரு பங்கு, மின்சாரம் இரண்டு மடங்கு, சிப்போ ஒரு தலைமுறை பழையது. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது டிரைவர் விஷயம். ஃபெர்மி சிப்புகளுக்கு விண்டோஸில் கடைசியாக வந்த டிரைவர் 391.35, அது 2018 மார்ச்சில் வெளியானது. கெப்ளருக்கு 470 வரிசை டிரைவர் கிடைத்தது; பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 வரை வந்தன. ஒரே பெயர் அச்சிட்ட இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இத்தனை ஆண்டு இடைவெளி இருப்பதை வாங்குகிறவருக்குப் பெட்டியில் யாரும் சொல்லவில்லை. இது வாடிக்கையாளருக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன்.

ஃபெர்மி ஒன்று, ஜிடிடிஆர்5 கெப்ளர் ஒன்று என இரண்டையும் ஒரே கணினியில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கோர் ஐ3-2120, எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 64 பிட் விண்டோஸ் 10. 2011-12 வாக்கில் வீட்டுக்கும் சிறு அலுவலகத்துக்கும் வாங்கிய கணினிகளில் இந்த அமைப்பு சகஜம். இன்றும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஃபெர்மி கார்டைப் பொருத்திவிட்டுப் புதிய டிரைவரை நிறுவப் போனால், பொருத்தமான கிராபிக்ஸ் ஹார்ட்வேர் எதுவும் இல்லை என்று சொல்லி இன்ஸ்டாலர் நின்றுவிடும். இந்த இடத்தில்தான் பலர் கார்டு செத்துவிட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். கார்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்த டிரைவரின் பட்டியலில் இந்தச் சிப் இல்லை, அவ்வளவுதான். 391.35 போட்டதும் திரை முழு ரெசல்யூஷனுக்கு வந்தது. அதன்பின் தகராறு இல்லை. பழைய வன்பொருளுக்குப் புதிய டிரைவரைத் தேடிப் பயனில்லை. அந்தச் சிப்புக்குக் கடைசியாக வந்த டிரைவர் எதுவோ, அதுதான் அதற்குரியது.

எந்தச் சிப் என்று அறிய கணினியைக் கழற்ற வேண்டாம். டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று நிற்கும் வரியில் வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், டீட்டெய்ல்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடி. ‘வென்’ என்பதை அடுத்து வருவது தயாரிப்பாளரின் எண்: 10டிஇ என்றால் என்விடியா, 1002 என்றால் ஏஎம்டி, 8086 என்றால் இன்டெல். ‘டெவ்’ என்பதை அடுத்து வருவது சிப்பின் எண். ஜிடி 730-இல் அது 0எஃப்02 என்றால் ஃபெர்மி, 1287 என்றால் கெப்ளர். டிரைவரே இல்லாத நிலையிலும் இந்த எண் தெரியும் என்பதால் என் முதல் வேலை எப்போதும் இதுதான்.

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். பழைய ஃபெர்மி கார்டின் பயாஸை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் சூட்டி விற்கும் மோசடி உலகெங்கும் நடந்திருக்கிறது. 2018-இல் வந்த 2.12 பதிப்பிலிருந்து ஜிபியு-இசட் இத்தகைய என்விடியா போலிகளைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் போலி என்றே காட்டுகிறது. போலிக் கார்டில் எந்த டிரைவரும் ஒழுங்காக உட்காராது. அதை விற்றவரிடம் திருப்பிக் கொடுப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பழைய டிரைவரின் மிச்சங்களைச் சுத்தமாகத் துடைத்தெடுக்க வேண்டும். டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியு, இதற்கென்றே உள்ள கருவி, இலவசம். ஷிஃப்ட்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குள் போய் அதை ஓட்ட வேண்டும். அதற்கு முன்னால் நெட் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். டிரைவர் இல்லாத கார்டைக் கண்டதும் விண்டோஸ் அப்டேட் தானே ஒன்றை இறக்கிப் போடும். நாம் ஒரு பதிப்பை நிறுவிக்கொண்டிருக்கும்போதே பின்னணியில் அது வேறொன்றை நிறுவினால் இரண்டும் கெட்டுப்போகும். துடைத்து முடித்து, கைவசம் இறக்கி வைத்த இன்ஸ்டாலரைத் திறந்து, கஸ்டம் முறையில் டிஸ்ப்ளே டிரைவரை மட்டும் டிக் செய்தால் போதும். எச்டிஎம்ஐ வழியாக ஒலி வேண்டுமென்றால் ஆடியோ டிரைவரையும் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவை பழைய கணினிக்கு வீண் சுமை.

டிரைவர் சரியாக உட்கார்ந்த பிறகும் திரை ஒரு கணம் கறுத்து, டிஸ்ப்ளே டிரைவர் செயலிழந்து மீண்டுவிட்டதாக அறிவிப்பு வந்தால் விஷயம் வேறு. கொடுத்த வேலைக்கு கார்டு இரண்டு விநாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்கிறது. விஸ்டா காலத்திலிருந்து உள்ள ஏற்பாடு இது. ரெஜிஸ்ட்ரியில் அந்த இரண்டு விநாடியைக் கூட்டி வைக்கலாம் என்று யோசனை சொல்வார்கள். நான் அதை ஆதரிக்க மாட்டேன். காய்ச்சலை விட்டுவிட்டு தெர்மாமீட்டரைத் திருத்துகிற வேலை அது. பத்து வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ், தூசி அடைத்த ஃபேன், காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட், இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோடு 43 என்ற பிழைக்கும் இதே பார்வை பொருந்தும். கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் செருகும் பொன்னிறக் கோடுகளை எழுத்து அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தட்டிவிட்டு மறுபடி பொருத்துவது நம் ஊர் கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளின் பழைய கைமுறை. நான் சோதித்த கெப்ளர் கார்டு வந்த புதிதில் கோடு 43 காட்டியது. இப்படித் தேய்த்துப் பொருத்தியதோடு அது போய்விட்டது. அதற்கும் மசியாமல், வேறு கணினியில் போட்டாலும் அதே பிழை வந்தால், கார்டே பழுது என்று ஏற்றுக்கொள்ளலாம்.

யூடியூப் தடையின்றி ஓடும் என்ற நம்பிக்கையில் இந்தக் கார்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு சிப்பும் எச்.264 போன்ற பழைய வடிவ வீடியோக்களை மட்டும்தான் தாங்களே விரிக்கும். யூடியூப் இப்போது பெரும்பாலும் அனுப்புவது விபி9, ஏவி1. அந்தச் சுமை முழுதும் பிராசஸர் தலையில் விழுகிறது. பிரவுசரில் எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் எச்.264-க்கு இறங்கி வரும். 1080பி வரை பார்க்கிறவர்களுக்கு அது போதும்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இந்த ஐ3-யை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்காது. லினக்ஸ் மின்ட் போகலாம். நூவோ என்ற திறந்தமூல டிரைவர் கெர்னலோடே வருகிறது. ஆவணம் தட்டச்சு செய்ய, இணையம் பார்க்க அது போதும், விளையாட்டுக்குப் போதாது. பூட் ஆகும்போதே திரை கறுத்துவிட்டால், கிரப் மெனுவில் நோமோட்செட் என்ற சொல்லைச் சேர்த்து உள்ளே நுழைந்துவிடலாம்.

புதிதாகக் காசு போடுவதானால் ஜிடி 730 கார்டுகளில் எதையும் நான் சிபாரிசு செய்யவில்லை. 2017-இல் வந்த ஜிடி 1030, பாஸ்கல் சிப். 30 வாட்தான், விபி9-ஐத் தானே விரிக்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. வாங்கும்போது ஜிடிடிஆர்5 என்று பார்த்து வாங்குங்கள். அதே பெயரில் 2018-இல் டிடிஆர்4 வைத்த கார்டும் வந்தது. ஜிடிடிஆர்5-இன் மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4-இல் அது 16.8 ஜிபி.

கையில் ஏற்கெனவே கெப்ளர் 730 இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், 470 வரிசையின் கடைசி டிரைவரோடு ஓடட்டும். ஃபெர்மி என்றால் 391.35-ஐ நிறுவி, அந்தக் கணினியில் பேங்க் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். எதுவானாலும் அதற்குரிய இன்ஸ்டாலரை ஒரு பென்டிரைவில் இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.