தொலைக்காட்சி நாடகமும் ஒழுக்கக் காவலரும்

நாடகம் காண்போன் அரங்கினை நாடிச் செல்லுதல் பண்டைய வழக்கு. அரங்கே காண்போனை நாடி அவன் இல்லத்துட் புகுதல் தொலைக்காட்சி தந்த புதுமை. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. அரங்குக்குச் செல்வோன் இன்ன நாடகத்தைக் காண்பேன் எனத் துணிந்து, நுழைவுச்சீட்டுப் பெற்று, முன்பின் அறியாதாரோடு இருளில் அமர்ந்து காண்கின்றான். இல்லத்திலிருப்போனோ தாயும் மகளும் பாட்டியும் பேரனும் சூழ்ந்திருக்க, எதிர்பாராத காட்சியொன்றினைத் திடீரென எதிர்கொள்கின்றான். அரங்கிலே பொறுத்தற்குரிய சொல்லொன்று இல்லத்திலே பொறுத்தற்கரியதாகிவிடுதல் இதனாலேயாம். தொலைக்காட்சி நாடகங்களிற் காமமும் வன்சொல்லும் மலிந்துவிட்டன என முறையிடும் ஒழுக்கக் காவற் சங்கங்கள் தோன்றியமைக்கும் இதுவே அடிப்படை.

அச்சங்கத்தாரைப் பழைமைவாதிகள் என எள்ளி ஒதுக்குதல் எளிது. அவர் கூறுவனவற்றை ஆராயாது ஒப்புக்கொள்ளுதலும் எளிது. இரண்டும் திறனாய்வாகா. அவர்கள் எழுப்பிய வினா யாது, அதற்கு விடை காண அவர்கள் கைக்கொண்ட முறை யாது என இரண்டாகப் பகுத்து நோக்குதல் வேண்டும். அங்ஙனம் நோக்குதற்கு இங்கிலாந்திலே 1964 ஆம் ஆண்டிலே தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நிகழ்ந்த பூசலொன்று நமக்குத் தக்க சான்றாகும்.

பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்கு 1960 முதல் 1969 வரை பணிப்பாளர் நாயகமாக விளங்கியவர் ஹியூ கிறீன் என்பவர். இளம் எழுத்தாளருக்கும் நெறியாளருக்கும் அவர் கதவுகளை அகலத் திறந்துவிட்டார். 'புதன்கிழமை நாடகம்' என்னும் வரிசை 1964 இல் தொடங்கிற்று. சமகால வாழ்க்கையை, அதன் பேச்சோடும் அழுக்கோடும், அவ்வாறே எடுத்துக்காட்டுதல் அவ்வரிசையிற் புகழ்பெற்ற நாடகங்களின் இயல்பாயிற்று. அதே ஆண்டில் மேரி வைற்ஹவுஸ் என்னும் அம்மையார் நோரா பக்லாண்ட் என்னும் போதகரின் மனைவியாரோடு சேர்ந்து தொலைக்காட்சியைத் தூய்மை செய்யும் இயக்கமொன்றைத் தொடக்கினார். 1964 மே 5 ஆம் நாள் பேர்மிங்ஹாம் நகர மண்டபத்திலே நடந்த அதன் முதற் பொதுக்கூட்டத்துக்கு ஈராயிரவருக்கு மேற்பட்டோர் திரண்டனர். இயக்கத்தின் கோரிக்கையில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் கையொப்பமிட்டனர். 1965 இல் அவ்வியக்கம் பார்வையாளர், கேட்போர் ஆகியோரின் தேசிய சங்கமாக உருப்பெற்றது. 2001 இல் அம்மையார் மறைந்தார். அவ்வாண்டிலேயே சங்கமும் தன் பெயரை மாற்றிக்கொண்டது.

வைற்ஹவுஸ் அம்மையார் ஓர் ஆசிரியை என்பது நாம் கருதத்தக்கது. ஷ்ரொப்சயர் மாவட்டத்து மேட்லி என்னும் ஊரின் பாடசாலையிலே சித்திரம் கற்பித்தவர் அவர். மாணவர்க்குப் பாலியல் அறிவு புகட்டும் பொறுப்பும் அவருக்கிருந்தது. முதல் நாள் இரவு தொலைக்காட்சியிற் கண்டதை மறுநாள் வகுப்பறைக்குக் கொண்டுவரும் பிள்ளைகளை அவர் நேரே கண்டவர். ஆகவே, 'பொதுமக்களின் கட்டணத்தில் இயங்கும் ஒரு நிறுவனம், பெற்றோரின் இசைவின்றி, அவர்தம் பிள்ளைகளுக்கு எதனைக் காட்டலாம்?' என்னும் பொருள்பட அவர் எழுப்பிய வினா வெறும் பிதற்றலன்று. அதனைக் கேட்கும் உரிமை அவருக்கிருந்தது. விடை கூறும் கடமை கிறீனுக்கிருந்தது. அவரோ அம்முறைப்பாடுகளைப் பொருட்படுத்தினாரல்லர். கற்றோர் சிலரின் சுவைக்கு மற்றையோரின் வீடு ஆய்வுகூடமன்று என்னும் மனக்குறை மக்களிடையே வளர்ந்தமைக்கு அப்புறக்கணிப்பும் ஒரு காரணமெனலாம்.

வினா தக்கது. விடை கண்ட முறையிலேதான் குறை நேர்ந்தது. சங்கத்தார் நாடகங்களைக் கண்காணித்தனர். இன்ன சாபச்சொல் இத்தனை முறை வந்தது, இன்ன காட்சி இத்தனை நேரம் நீடித்தது எனக் குறித்து வைத்தனர். எண்ணிக்கை தருதற்கு எளிதாகையால் பத்திரிகைகளும் அதனை விரும்பி ஏற்றன. ஆயின், நாடகம் தானியக் குவியலன்று, உறுப்புகளாலாய உடலாகும். குவியலிலிருந்து ஒரு மணியை எடுப்பினும் அது மணியாகவே இருக்கும். உடலினின்று நீக்கிய கை கையின் தொழிலைச் செய்யாது.

இதற்கு 1965 நவம்பர் 3 ஆம் நாள் ஒளிபரப்பாகிய 'அப் த ஜங்ஷன்' என்னும் நாடகத்தை எடுத்துக்கொள்வோம். நெல் டன் எழுதிய நூலைத் தழுவிக் கென் லோச் நெறிப்படுத்தியது அது. தென் இலண்டனிலே தொழிற்சாலையில் வேலைசெய்யும் இளம்பெண்கள் மூவரின் வாழ்க்கையைச் சித்திரிப்பது. ஒழுங்கற்ற உறவுகளை இயல்பானவைபோற் காட்டுகின்றது என்பதே வைற்ஹவுஸ் அம்மையார் அதன்மேற் சுமத்திய குற்றம். அப்பெண்கள் நாணமின்றிச் சிரித்துப் பேசுகின்றனர் என்பது மெய்யே. ஆயின், அச்சிரிப்பு எங்கே சென்று முடிகின்றது? அவர்களுள் ஒருத்தி கருவுற்று, சட்டத்துக்கு மறைவாகக் கருக்கலைப்புச் செய்விக்கின்றாள். அவள் வேதனையாற் கதறும்போது மருத்துவர் ஒருவரின் குரல் அத்தகைய செயலால் நேரும் மரணங்களைப் பற்றி அமைதியாக எடுத்துரைக்கின்றது. முற்பகுதியின் சிரிப்பைக் கேளாதவன் பிற்பகுதியின் கதறலை உணரமாட்டான். அக்காலத்தில் இங்கிலாந்திலே கருக்கலைப்புக் குற்றமாயிருந்தது. அதனைத் தளர்த்திய சட்டம் 1967 இல் நிறைவேறிற்று. நாடகத்தாலேயே சட்டம் வந்தது என்பது மிகையாகும். சட்டமன்றமும் மருத்துவரும் பேசவேண்டிய துயரொன்றை நாடகம் மறைவினின்று வெளிக்கொணர்ந்தது என்பது பொருந்தும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இது தவறு என அந்நாடகத்தில் எவரும் கூறவில்லை. அறிவுரை கூறும் பெரியவர் எவரும் தோன்றுகின்றாரல்லர். காட்டுவதோடு நின்று, தீர்ப்பைக் காண்போனிடமே விட்டுவிடுகின்றது. காவலர்க்கு இது பொறுக்கவில்லை. தீர்ப்புக் கூறாத நாடகம் தீமைக்கு உடன்பட்ட நாடகம் என்பது அவர் துணிபு. காட்டுதல் வேறு, உடன்படுதல் வேறு என்பதை அவர் கருதினாரல்லர்.

தமிழிலக்கணம் பயின்றார்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. தொல்காப்பியர் கூறிய மெய்ப்பாடுகள் எட்டனுள் இளிவரலும் ஒன்று. அருவருக்கத்தக்கதும் இலக்கியத்துக்கு உரிய பொருளே என்பது இதனாற் பெறப்படும். அதேவேளை, அவையிற் கூறத்தகாத சொல்லை வேறோராற்றாற் கூறுதற்கு இடக்கரடக்கல் என்னும் நெறியும் நம் இலக்கணத்தில் உண்டு. பொருளை விலக்காது, கேட்போரை நோக்கிக் கூறும் முறையை வகுத்தனர் நம்முன்னோர். இலண்டனில் மோதிக்கொண்ட இரு சாராரும் இவ்விரண்டிலே ஒவ்வொன்றையே பற்றிக்கொண்டனர். கிறீனின் சாரார் பொருளின் உரிமையைக் கண்டு அவையை மறந்தனர். வைற்ஹவுஸ் சாரார் அவையைக் கண்டு பொருளின் உரிமையை மறந்தனர்.

பகுதியை முழுமையெனக் கொள்ளும் பார்வையின் கேட்டை யாவற்றினும் தெளிவாகக் காட்டுவது டெனிஸ் பொற்றர் எழுதி 1986 இல் ஆறு பகுதிகளாக ஒளிபரப்பாகிய 'த சிங்கிங் டிடெக்ரிவ்' என்னும் தொடர் நாடகமாகும். தோலையும் மூட்டுகளையும் தாக்கும் கொடிய நோயால் அசையமாட்டாது மருத்துவமனையிற் கிடக்கும் எழுத்தாளன் ஒருவன் தன் இளமையை நினைவுகூர்கின்றான். சிறுவனாயிருக்கையில், காட்டிலே தன் தாய் அயலான் ஒருவனோடு கூடியிருந்ததை அவன் ஒளிந்திருந்து கண்டான். அக்காட்சி நாடகத்தில் இடம்பெற்றது. காவலரின் கண்டனமும் அதன்மேலேயே பாய்ந்தது.

ஆயின், அக்காட்சியின் பின் நிகழ்வது யாது? அச்சிறுவன் தன் உள்ளத்துக் கலக்கத்தால் வகுப்பறையில் ஆசிரியையின் மேசைமேல் அசுத்தம் செய்கின்றான். குற்றவாளியைக் கண்டுபிடிக்க முனையும் ஆசிரியை கடவுளை முன்னிறுத்தி வகுப்பு முழுவதையும் நடுங்கச் செய்கின்றார். அச்சம் தாங்காத சிறுவன் வேறொரு மாணவன்மீது பழியைச் சுமத்துகின்றான். தான் கண்ட அந்த அயலானின் மகனே அம்மாணவன். ஆசிரியையும் அதனை நம்பி அவனைத் தண்டிக்கின்றார். பழிசுமந்த பிள்ளை பின்னாளிற் சித்தங் கலங்கிப்போகின்றான். தாயோ ஆற்றில் வீழ்ந்து மாள்கின்றாள். இவையனைத்தும் ஒருவனின் மனத்தில் நாற்பது ஆண்டளவு புதைந்து கிடந்து நோயோடு நோயாகின்றன. காமத்தை மலிவாக்கும் நாடகமா இது? ஒரு கணத்து இன்பத்தின் விலையை மூன்று உயிர்களின் கணக்கில் எழுதிக்காட்டும் நாடகமன்றோ! அதுமட்டுமன்று. ஒழுக்கத்தின் பெயரால் அச்சத்தை விதைத்தால் பொய்யே முளைக்கும் என்பதையும் அவ்வகுப்பறைக் காட்சி உணர்த்துகின்றது. ஆசிரியராகிய நாம் அதனைக் காணும்போது நம் கைப்பிரம்பு ஒருகணம் நம்மையே சுடும்.

இந்நாடகத்தைப் பற்றி நிகழ்ந்த பிழையொன்று வருந்தத்தக்கது. பொற்றருக்கும் அத்தகைய நோய் இருந்தது. அவரும் அத்தகைய காட்டுப்புறத்திலே பிறந்தவர். இவ்வொற்றுமைகளை நோக்கிய வைற்ஹவுஸ் அம்மையார், வானொலி நேர்காணலொன்றில், பொற்றர் தம் தாயின் கூடாவொழுக்கத்தைக் கண்டு பாதிப்புற்றவர் எனும்படி பேசிவிட்டார். அது உண்மையன்று. பொற்றரின் தாயார் அவதூறுக்காக ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடமிருந்தும், அப்பேச்சை வெளியிட்ட சஞ்சிகையிடமிருந்தும் நட்டஈடு பெற்றார். குடும்பத்தின் தூய்மைக்காகப் போராடியவரின் சொல்லே குற்றமற்ற குடும்பமொன்றின் பெயரைக் கறைப்படுத்திற்று. கற்பனைப் பாத்திரத்தையும் படைத்தவனின் வாழ்க்கையையும் ஒன்றெனக் கொண்டமையே இதற்குக் காரணம். வாசிக்கத் தெரியாமை அறிவின் குறையாக மட்டும் நின்றுவிடாது, அறத்தின் குறையாகவும் முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இனி, நாடகாசிரியர் செய்வதெல்லாம் சரியென்று கூறவும் யான் துணியேன். பொற்றரின் மற்றொரு நாடகமாகிய 'பிறிம்ஸ்ரன் அன்ட் ற்றீக்கிள்' 1976 ஏப்பிரிலில் ஒளிபரப்பாக இருந்தது. அதனைத் தடுத்தவர் வெளியே நின்ற காவலரல்லர். கூட்டுத்தாபனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பணிப்பாளராயிருந்த அலஸ்டெயர் மில்னே என்பவரே. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1987 ஓகஸ்டிலேதான் அது மக்கள் பார்வைக்கு வந்தது. மூளை பாதிப்புற்றுப் பேச்சிழந்து கிடக்கும் பெண்ணொருத்தியை, வீட்டுக்கு விருந்தினன்போல வந்த தீயோன் வன்புணர்கின்றான். அவ்வதிர்ச்சியால் அவள் தெளிவு பெற்று, தந்தையின் மறைந்த குற்றத்தை வெளியிடுகின்றாள். தீமையிலிருந்தும் நன்மை பிறக்கக்கூடுமோ என்னும் சமய வினாவை எழுப்புதல் ஆசிரியரின் கருத்து. வினா ஆழமானது. ஆயின், அவ்வினாவுக்காக அப்பெண் வெறும் கருவியாக்கப்பட்டாள் என்பது என் மதிப்பீடு. அவளுடைய துயர் நாடகத்தின் பொருளாகவில்லை. பிறர் குற்றத்தைத் திறக்கும் சாவியாக மட்டுமே நின்றது. இது கலையின் குறையும் அறத்தின் குறையுமாம். எனினும், நாடகத்தை முழுமையாகக் கண்டபின்னரே இக்குறையைக் கூற இயல்கின்றது. தடை செய்தமையால் பதினொரு ஆண்டுகள் காண்போர் காக்கப்பட்டனர் எனல் பொருந்தாது; அதனை மறுத்து வாதிக்கும் வாய்ப்பையே அவர்கள் இழந்தனர்.

காவலரின் முயற்சி முற்றும் வீணாயிற்று எனவும் கூறலாகாது. பிரித்தானியாவில் இரவு ஒன்பது மணிக்குப் பின்னரே முதிர்ந்தோர்க்குரிய காட்சிகளைக் காட்டும் வழக்கம் நிலைபெற்றது. 1990 ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் ஆபாச வெளியீடுகள் பற்றிய 1959 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொலைக்காட்சிக்கும் விரித்தது. ஆயின், அவ்வொன்பது மணி இன்று எங்கே? இணையவழி வரும் நாடகத்துக்கு இரவுமில்லை, பகலுமில்லை. கூடத்திலிருந்து காணும் குடும்பமுமில்லை. பிள்ளையின் கையிலுள்ள சிறு திரையிலே, போர்வைக்குள்ளே, தனிமையிலே நாடகம் நிகழ்கின்றது. வாயிலிற் காவலரை நிறுத்தலாம். வாயிலே இல்லாத வீட்டில் அவரை எங்கே நிறுத்துவது?

ஈண்டு என் குறையொன்றையும் கூறி முடித்தல் முறையாகும். உயர்தர வகுப்பிலே காவியப் பகுதியொன்றைக் கற்பிக்கும்போது, பெண்ணின் அங்க வருணனை அமைந்த பாடல்கள் வந்தால், 'இதனை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்' எனக் கூறி அடுத்த பாடலுக்குத் தாவிச் செல்லுதல் பல்லாண்டாக என் வழக்கம். மாணவர் அப்பாடல்களையே முதலிற் படித்தனர் என்பதையும், உரையாசிரியனில்லாமையாற் பிழைபடப் படித்தனர் என்பதையும் பின்னரே அறிந்தேன். யானும் ஒரு சிறு காவலனாய் இருந்தேனேயன்றி ஆசிரியனாய் இருந்திலேன். அப்பாடல் காவியத்தில் ஏன் அமைந்தது, எவர் கூற்றாக அமைந்தது, அதனை நீக்கினால் எது கெடும், நீக்காவிடின் எது கெடும் என அவர்களோடு இருந்து ஆராய்ந்திருத்தல் வேண்டும்.

அவ்வாராய்ச்சியே தொலைக்காட்சி நாடகத்துக்கும் வேண்டப்படுவது. வைற்ஹவுஸ் அம்மையார் கேட்ட வினாவை நாம் கைவிடலாகாது. நம் பிள்ளைகள் காண்பவை அவர்களை என்ன செய்கின்றன என்று கேட்டுக்கொண்டேயிருத்தல் நம் கடன். ஆயின், விடையை எண்ணிக்கையிலே தேடாது, நாடகத்தை முதலிலிருந்து முடிவுவரை அவர்களோடு உடனிருந்து கண்டு, நல்லதை நல்லதென்றும் அல்லதை அல்லதென்றும் காரணங் காட்டிக் கூறப் பயிற்றுவோமாக. அப்பயிற்சி பெற்ற மாணவன் தனித்திருந்து காணும்போதும் தன் தீர்ப்பைத் தானே கூறவல்லவனாவான்.