மூக்கில் வைத்த சக்கரம்

அண்மையில் ஒரு கண்காட்சியில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் மி-262 ஜெட் போர் விமானத்தின் மாதிரியைப் பார்த்தேன். மரவேலை அருமை. ஆனால் 'ஜெட் எஞ்சினால் மட்டும் பறந்த முதல் மி-262, 1942' என்று எழுதிவிட்டு, மூக்கின் கீழே சக்கரம் வைத்திருந்தார்கள்! இது சிறு பிழையன்று, வாசகர்களே.

1942 ஜூலை 18 அன்று லைப்ஹைம் விமானத்தளத்தில் ஃபிரிட்ஸ் வெண்டல் ஓட்டிய மூன்றாம் முன்மாதிரிக்கு வாலில்தான் சக்கரம். ஆகவே அது மூக்கைத் தூக்கியபடியே ஓடுதளத்தில் ஓடியது. புரொப்பெல்லர் விமானமானால் அதன் காற்று வாலின்மேல் வீசும். இங்கே அது இல்லை. இறக்கையின் மறைவில் கிடந்த எலிவேட்டர் வேலை செய்யவில்லை. மணிக்குச் சுமார் 180 கிலோமீட்டர் வேகத்தில் வெண்டல் பிரேக்கைச் சற்றே மிதித்தார். சக்கரத்தின் உராய்வு ஈர்ப்பு மையத்துக்குக் கீழே செயல்படுவதால் மூக்கு தாழ்ந்தது, வால் எழுந்தது. மூக்குச் சக்கரம் ஐந்தாம் முன்மாதிரியில்தான் வந்தது.

மாதிரி செய்தவர் பிற்கால விமானத்தின் வரைபடத்தைப் பார்த்திருக்க வேண்டும். நீங்கள் செய்வதானால் எத்தனையாவது முன்மாதிரி என்று முதலில் முடிவு செய்து, அதன் புகைப்படத்தையே தேடுங்கள். முதல் முன்மாதிரியின் மூக்கில் புரொப்பெல்லர் தெரியும், பிழையென்று நீக்கிவிடாதீர்கள். ஜெட் எஞ்சின் தயாராகாததால், 1941 ஏப்ரல் 18 அன்று அது பிஸ்டன் எஞ்சினால்தான் பறந்தது.