அழுத உழவுச்சால்

விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைக் குமரி மாவட்டத்தில் இருந்து படிப்பதற்குத் தனிச் சுவை உண்டு. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவர் படைக்கே தளபதியான டச்சுப் படை அதிகாரி டிலனாய், நட்டாலத்து நீலகண்ட பிள்ளைக்குச் சொன்ன கதை இது என்பது இங்கே வழிவழியாக வரும் செய்தி. அரசுப் பணியில் இருந்த பிள்ளைக்கு அப்போது மாடுகள் செத்து, விளைச்சலும் பொய்த்து, மனம் ஒடிந்திருந்த நேரம்.

மாட்டைப் பறிகொடுத்தவரிடம் சொல்வதற்கு இது துணிச்சலான கதைதான். 500 ஏர் மாடும் 7,000 ஆடும் 3,000 ஒட்டகமும் ஒரே நாளில் போகின்றன. ஒவ்வொரு இழப்பையும் சொல்லத் தப்பிப் பிழைத்த ஒரே ஓர் ஆள் ஓடிவருகிறான். அவன் சொல்லி முடிக்குமுன் அடுத்தவன் வந்து நிற்கிறான். கடைசி ஆள் கொண்டு வருவது பிள்ளைகளின் சாவு. மூச்சுவிட இடமில்லாத இந்த வேகம் பிறகு சட்டென்று அடங்கிவிடுகிறது. சாம்பலில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால் புண்ணைச் சுரண்டுகிறான் யோபு. கூடவே மூன்று நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் வாய் திறவாமல் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அந்த ஏழு நாள்தான் என்பேன். வாயைத் திறந்ததும், பாவம் செய்யாதவனுக்கா இந்தக் கதி வரும் என்று தொடங்கிவிடுகிறார்கள்.

யோபுவின் பதில் 31ஆம் அதிகாரத்தில் உச்சத்துக்குப் போகிறது. முதல் அதிகாரத்தில் விடியற்காலையிலேயே எழுந்து பிள்ளைகளுக்காகப் பலி செலுத்தியவன், இங்கே அந்தப் பலிகளைப் பற்றி வாயே திறக்கவில்லை. கண் எங்கே போயிற்று, அனாதைக்குப் பங்கில்லாமல் தான் மட்டும் உண்டதுண்டா, தன் ஆட்டு ரோமம் ஏழையின் குளிரைப் போக்கியதா என்று ஒவ்வொன்றாகத் தன்னையே விசாரிக்கிறான். கடைசியில் வயலுக்கு வருகிறான். என் நிலம் என்மேல் முறையிட்டிருந்தால், அதன் உழவுச்சால்கள் கூடி அழுதிருந்தால், கூலி கொடுக்காமல் அதன் பலனைத் தின்றிருந்தால், கோதுமைக்குப் பதில் முள் முளைக்கட்டும் என்கிறான். அந்த நீண்ட வழக்காடல் அதோடு முடிகிறது. கடவுளுக்கு முன் ஒருவன் தன் தூய்மைக்குச் சொல்லும் கடைசிச் சாட்சி, உழுத சால்! தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயற்காட்டு மனிதருக்கு இந்த இடத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டமும் வரப்புத் தகராறும் கண்டவர்களுக்கு நிலம் அழும் என்பது தெரியும்.

அதே அதிகாரத்தில் இன்னோர் இடம். வேலைக்காரனின் நியாயத்தைத் தான் தட்டிக்கழித்ததில்லை என்கிறான் யோபு. காரணமாக அவன் சொல்வது இரக்கத்தை அல்ல. என்னைக் கருவில் படைத்தவர்தானே அவனையும் படைத்தார் என்கிறான். 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆன நீலகண்ட பிள்ளையும் தாழ்த்தப்பட்டோரோடு சரிசமமாகப் பழகினார். அது அந்தக் காலத்தில் எளிதில் மன்னிக்கப்படுகிற குற்றம் அல்ல. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரில் சாதிப் பட்டமான ‘பிள்ளை’ இல்லை. அந்த விடுபடல் யோபுவின் வாதத்துக்கு மிகப் பொருத்தமாக எனக்குப் படுகிறது.

கதையின் முடிவில் யோபுவுக்கு ஆடுமாடுகள் இரட்டிப்பாகத் திரும்புகின்றன. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாவதில்லை. முன்போலவே ஏழு மகன், மூன்று மகள். இறந்த பிள்ளைக்கு ஈடு கிடையாது என்று கதைசொல்லிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நுட்பத்துக்காகவே இந்தக் கதையைக் கும்பிடலாம்.

இரட்டிப்பாகத் திரும்பும் அந்தப் பகுதியையும் டிலனாய் சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் தேவசகாயத்துக்கு எதுவும் திரும்பவில்லை. வேலை போயிற்று. எருக்கம்பூ மாலையோடு எருமையின்மேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்பது மரபு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவர் சுடப்பட்டார். கேட்ட கதையில் அவர் பிடித்துக்கொண்டது சாம்பலில் உட்கார்ந்திருந்த யோபுவைத்தான்.