சுருக்கெழுத்தாளரின் கையும் செவியும்

ஐக்கிய அமெரிக்காவிலே, வழக்கு விளக்கத்துக்கு எடுக்கப்படுமுன்னரே சாட்சியைச் சட்டத்தரணியின் அலுவலகத்தில் இருத்திச் சத்தியப் பிரமாணத்தின்பேரில் வினாவும் முறை உண்டு. அங்கே நீதிபதி பொதுவாக இருப்பதில்லை. சாட்சி கூறியது யாது என்பதற்குச் சுருக்கெழுத்தாளர் எழுதியதே பின்னர் சான்றாகின்றது. இத்துணைப் பொறுப்பு வாய்ந்தவரின் தகுதியை மாநிலங்கள் எவ்வாறு அளக்கின்றன?

கலிபோர்னியா 1951இல் இதற்கெனச் சபையொன்றை நிறுவியது. நால்வர் குரலில், நிமிடத்துக்கு 200 சொற்களாகப் பத்து நிமிடம் வாசிக்கப்படுவதை 97.5 வீதம் பிழையின்றி எழுதினாலன்றி அதன் செய்முறைப் பரீட்சையில் தேற முடியாது. கடுமையான பரீட்சைதான், ஆயின் அது பெரிதும் அளப்பது கையின் விரைவையே. கேட்கும் செவிக்குப் பழக்கமில்லாத வழக்கிற் சாட்சி பேசுமிடத்து விரைவு என்ன செய்யும்?

டெய்லர் ஜோன்ஸ் முதலியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு இவ்வினாவுக்கு விடையளிக்கின்றது. பிலடெல்பியா நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் 27 பேருக்குக் கறுப்பின மக்களின் பேச்சு வழக்கில் அமைந்த வாக்கியங்கள் ஒலிக்கப்பட்டன. அவர்களிடம் வேண்டப்படும் தராதரம் 95 வீதம். முற்றிலுஞ் சரியாக எழுதப்பட்ட வாக்கியங்களோ 59.5 வீதம், சொல்லளவில் நோக்கினும் 82.9 வீதமே. 'அவன் அந்தப் பகுதியில் இருப்பதில்லை' எனப் பொருள்படும் கூற்று, 'நாங்கள் இந்தப் பகுதியில் இருக்கப் போகிறோம்' என்றாயிற்று. ஆளும் இடமும் மாறின, எதிர்மறை மறைந்தது! இவ்வழக்கு இலக்கணமற்றதன்று, வழமையாய் நிகழ்வதைக் குறிக்கத் தனி வினைவடிவமே அதற்குண்டு. அதனை அறியாத செவியே இங்குப் பிழைத்தது.

தனி வாக்கியங்களைக் கொண்டு செய்த சோதனை இது, உண்மை விசாரணையிற் சந்தர்ப்பம் துணைநிற்கும், ஐயமுற்றால் மீண்டும் கேட்கலாம் என்று மறுக்க இடமுண்டு. ஆனால் சரியாகக் கேட்டதாக நம்புபவர் மீண்டும் கேட்பதில்லை.

எஞ்சுவது சாட்சியின் திருத்தும் உரிமை. கலிபோர்னியாவில் 30 நாட்களுக்குள் விடையின் வடிவத்தையோ பொருளையோ மாற்றலாம். இல்லினோய் 28 நாட்கள் தருகின்றது. எனினும் எழுதியவர் விட்ட பிழைகளை மாத்திரமே திருத்தலாம். சட்டத்தரணியின் தூண்டுதலாற் சாட்சியம் புரட்டப்படும் என்ற அச்சம் போலும், அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் பிழைத்தது நாவா, செவியா என்ற பிணக்கெழுந்தால், ஒலிப்பதிவு இல்லாதவிடத்து முதற்சான்றாக நிற்பது அந்த எழுத்தேதான். வாசித்துப் பார்க்கும் உரிமையையே முன்கூட்டிக் கைவிட்ட சாட்சிக்கு இப்பிணக்குத்தானும் எழாது.