மிச்சம் விட்ட கோடு

ஜரீனா ஹாஷ்மியைப் பற்றி எழுதுபவர்கள் அநேகமாக ஊர்ப் பட்டியலோடுதான் ஆரம்பிக்கிறார்கள். 1937இல் அலிகாரில் பிறந்தார். தூதரக அதிகாரியான கணவரோடு பாங்காக், பாரிஸ். அப்புறம் டோக்கியோ, நியூயார்க். 2020இல் லண்டனில் மரணம். உடனே 'தேசம் கடந்த கலைஞர்' என்று ஒரு பட்டம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அவருடைய படைப்புகளில் தேசங்களைக் கடந்த ஆள் யாரையும் நான் பார்க்கவில்லை.

'டிவைடிங் லைன்' (2001) என்ற அச்சுப்படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிர் தாளில் நெளிந்து போகும் ஒரு கறுப்புக் கோடு. இந்திய–பாகிஸ்தான் எல்லை. அவ்வளவுதான். இதுல என்ன இருக்கு என்று தோன்றினால், மர அச்சு எப்படி வேலை செய்கிறது என்று யோசிக்க வேண்டும். பலகையில் செதுக்கி எடுத்த இடத்தில் மை ஒட்டாது. விட்டுவைத்த மேடு மட்டுமே தாளில் பதியும். ஆக, இந்த எல்லையை அவர் வரையவே இல்லை. அதன் இரு பக்கத்து நிலத்தையும் உளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தோண்டி எடுத்திருக்கிறார். உளிக்குத் தப்பிய துணுக்குகள் ஆங்காங்கே கறுப்பாகத் தெரிகின்றன. நான் கோட் எழுதுகிறவன். வேண்டாததை அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். பலகையில் அது நடக்காது. 1947இல் ராட்கிளிஃப் ஐந்தே வாரத்தில் போட்டு முடித்த கோட்டை, ஐம்பது வருடம் கழித்து ஒருவர் இத்தனை மெதுவாகச் செய்கிறார். அந்தக் கோட்டுக்கு அப்பால், கராச்சியில், அவருடைய குடும்பம் இருந்தது.

அக்கா ராணியும் அங்கேதான். பெற்றோரின் மரணம், வீடு விற்கப்பட்டது, பிள்ளைகள் கிளம்பிப் போனது என்று எல்லாவற்றையும் தங்கைக்கு உருதுவில் எழுதி, தபாலில் சேர்க்காமலே வைத்திருந்தார். பிற்பாடு அவை கைக்கு வந்தபோது ஜரீனா அவற்றை அச்சுத் தகடுகளாக்கினார். 'லெட்டர்ஸ் ஃப்ரம் ஹோம்' (2004) அப்படி வந்தது. கடித வரிகளின் மேலேயே வீட்டின் தரைப்படம், ஊர் வரைபடம். உருது தெரிந்தவர்களாலும் முழுதாக வாசிக்க முடியாது. எனக்கு இது 'டிவைடிங் லைன்'னை விடப் பெரிய படைப்பு. துக்கத்தைக் கண்ணெதிரே வைத்துவிட்டு, வாசிக்க மட்டும் விடுவதில்லை.

(பிற்காலத்தின் தங்க இலைப் படைப்புகள் என்னை இந்த அளவு தொடவில்லை. பளபளப்பு முந்திக்கொள்கிறது.)

இன்று எல்லைக்கோட்டைப் பித்தளையிலும் நியானிலும் செய்து சுவரில் மாட்டுகிற கலைஞர்கள் நிறைய. அவர்களில் பலருக்கு ஜரீனாவிடமிருந்து வரைபடம் கிடைத்திருக்கிறது, அந்த நிதானம் கிடைக்கவில்லை. 1980இல் அனா மெண்டியட்டா, கசுகோ மியமோட்டோ இருவரோடும் சேர்ந்து நியூயார்க்கின் ஏ.ஐ.ஆர். கேலரியில் அவர் தொகுத்த கண்காட்சிதான் இன்னும் தெளிவான தடம் என்பேன். வெள்ளையர்களே நிறைந்திருந்த அமெரிக்கப் பெண்ணியக் கலைக்குள், மூன்று நாடுகளில் பிறந்த மூன்று பெண்கள் பிற கலைஞர்களுக்கும் இடம் பிடித்துக் கொடுத்தார்கள்.

2011 வெனிஸ் பியன்னாலேயில் இந்திய அரங்கின் கலைஞர்களில் ஒருவராக அவரைச் சேர்த்தார்கள். அப்போது அவர் நியூயார்க்குக்குக் குடிபோய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.